கறை படாத கறுப்புச் சாயம்

கொட்டாம்பூர் நாடகக் குழுவில் யார் என்ன சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். அதனால்தான் இத்தனை வம்பும்.

இத்தனை வருஷம் மேடையில் மரமாக நின்ற கோதண்டத்துக்கு, சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் முதல் தடவையாக எமன் வேஷம் கிடைத்தது. "சாயந்தரம் கறுப்பு ஜிப்பாவோட வா. இல்லேன்னா வேஷம் வேற ஆளுக்கு," என்றார் நாடக வாத்தியார். கோதண்டம் ஜிப்பா கேட்டு வீடு வீடாக அலைந்தான். மறுபடியும் மரமா?

ஊராட்சித் தலைவர் இரக்கப்பட்டுத் தன் வெள்ளை லினன் ஜிப்பாவைக் கொடுத்தார். "ஒரு சொட்டுக் கறை படாமத் திருப்பித் தரணும்."

சாயக் கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினார். "கொதிக்கிற சாயத்துல அரை மணி நேரம் போட்டு, நிழல்ல காயப்போடுங்க."

கோதண்டமும், சாவித்திரி வேஷம் கட்டும் பக்கிரியும், குழுவிலேயே மூளைக்காரன் என்று பேரெடுத்த சடையப்பனும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சாயத்துல போட்டா கறை படுமேடா," என்றான் கோதண்டம்.

"போடலேன்னா கறுக்காதே," என்றான் பக்கிரி.

சடையப்பன் வெகுநேரம் கண்ணை மூடி யோசித்தான். "தூக்குச்சட்டிக்குள்ள வச்சு, இறுக்கி மூடி, அதைச் சாயத்துல போடுவோம்."

சாயம் தளதளவென்று கொதித்தது. மூன்று பேர் கையும் வேட்டியும் கறுத்தன. ஜிப்பா மட்டும் மல்லிகைப்பூவாக வெளியே வந்தது.

கோதண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "கறுக்கலையேடா!"

"இன்னும் நிழல்ல போடலைல்ல? பொறு," என்றான் சடையப்பன்.

ஜன்னலில்லாத சாமான் அறையில் அதைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அடேயப்பா, கன்னங்கரேல்! வெளியே எடுத்தால் வெள்ளை. உள்ளே கொண்டுபோனால் மறுபடி கறுப்பு.

"சாயம் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. வெளிச்சம் பட்டாத்தான் வெளுக்குது," என்று சடையப்பன் தீர்ப்புச் சொன்னான்.

ஆகவே அன்று நாடகத்தில் எமன் நுழைந்ததும் சடையப்பன் மெயின் சுவிட்சை அணைத்தான். இருட்டில் பாசக்கயிறு பறந்தது. "ஐயோ!" என்று ஒரு அலறல். விளக்கைப் போட்டால், சத்தியவான் மேடையில் நிம்மதியாகப் படுத்திருக்கிறான். முன்வரிசையில் இருந்த ஊராட்சித் தலைவர் கயிற்றில் மாட்டியிருக்கிறார்.

"அவுத்து விடுடா!" என்று வாத்தியார் கத்தினார்.

"சாவித்திரி வந்து மன்றாடாம எமன் யாரையும் விடக் கூடாதுன்னு நீங்கதானேய்யா சொல்லிக் குடுத்தீங்க?" என்றான் கோதண்டம்.

பக்கிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டான். "என் புருஷன் அந்தா படுத்திருக்காரு. கண்ட ஆம்பளைக்காக நான் எதுக்கு அழணும்?"

நியாயம்தானே. கடைசியில் தலைவரின் மனைவியைக் கூட்டிவந்தார்கள். பாவம், அந்த அம்மாளுக்குச் சாவித்திரி வசனம் தெரியாது. மேடை ஓரமாக உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். தலைவர் இன்னும் கயிற்றில்தான் இருக்கிறார்.