நயினாரின் சுத்தமான திரை

மேலப்பாளையத்தில் தன் வீட்டு மாடியில் மெஹருன்னிசா டீச்சர் வெப்சைட் எழுதக் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. வருகிறவர்கள் எல்லாரும் வேலை, குடும்பம் என்று இருக்கிறவர்கள். பாதிப் பேர் டீச்சரைவிட மூத்தவர்கள்.

முதல் வகுப்பிலேயே டீச்சர் ஒரு சட்டம் போட்டுவிடுவார். ஊர் பார்க்கிற சர்வரில் யாரும் நேராகக் கை வைக்கக் கூடாது. அவரவர் கம்ப்யூட்டரிலேயே, வீட்டோடு ஒரு சர்வரை நிறுவிக்கொள்ள வேண்டும். எழுதிய ஸ்கிரிப்ட்டை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது குப்புற விழுந்தாலும் வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

ஆறுமுகநயினார் லாரி புக்கிங் ஆபீசில் மேனேஜர். ஐம்பதை நெருங்குகிறவர். வீட்டுச் சர்வரில் முதன்முதலாக ஒரு பக்கம் திறந்த அன்று, அடுப்படியில் நின்ற மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். அதில் 'வணக்கம்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அந்த அம்மாள் பார்த்துவிட்டு, குழம்பு தீயுது என்று போய்விட்டாள். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. டீச்சர் வாயால் "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று வந்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க லாரி டிரைவர்களுக்கு ஏச்சே கிடையாது.

ஜெபமலர் வந்து சேரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அவள் லேப்டாப்பில் எந்தப் பக்கமும் ஒழுங்காகத் திறந்ததில்லை. திரை முழுக்கப் பிழைச் செய்திகள். அவளுக்கு அதில் கூச்சமும் இல்லை. "டீச்சர், இங்க வாங்களேன்" என்பாள். டீச்சர் போவார். போனவர் திரும்ப மாட்டார். கொண்டுபோன தேநீர் அங்கேயே ஆறிப்போகும். நடுநடுவே இரண்டு பேரும் சிரிப்பது வேறு.

நயினாரிடம் வந்தால் ஒரு பார்வை. "சரியா இருக்கு அண்ணாச்சி." அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

நயினாருக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மறைக்க ஒன்றுமில்லை. தன் வயதுக்கு இது அசிங்கம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் அவர் காது அந்தச் சிரிப்புப் பக்கமே போனது.

ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போன ஜெபமலர் அவர் திரையைப் பார்த்துவிட்டாள். இரண்டு வரி எச்சரிக்கை வந்திருந்தது.

"அண்ணாச்சிக்கும் வருதா?" என்றாள், துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில்.

நயினாருக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்குப் போனதும் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். பிழைகளைத் திரையில் காட்டச் சொல்லும் வரியைத் தேடிப்பிடித்து அணைத்தார். ஊர் பார்க்கிற சர்வரில் அப்படித்தான் வைப்பார்கள், வெளியாட்கள் பிழையைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நயினார் அதை வீட்டிலேயே செய்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் திரை கழுவித் துடைத்ததுபோல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரத்ததானக் குழுக்காரர்கள் டீச்சரிடம் வந்தார்கள். எந்த ரத்தப் பிரிவு வேண்டுமோ அதை அமுக்கினால், கொடுக்கக்கூடியவர்களின் பெயரும் தெருவும் வர வேண்டும். எல்லாரும் எழுதுங்கள், நன்றாக இருப்பதை ஊர் பார்க்கிற சர்வரில் ஏற்றலாம் என்றார் டீச்சர். நயினார் ஆபீசுக்கு லீவு போட்டு எழுதினார். இந்த ஒன்றையாவது ஜெபமலருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருந்தது அவருக்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு வகுப்பு முடியும்போது டீச்சர் சாதாரணமாகச் சொன்னார்: "ஜெபமலர் எழுதுனத ஏத்திரலாம்னு இருக்கேன்."

எல்லாரும் கிளம்பிப் போனார்கள். நயினார் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"அவ பக்கம் இத்தன நாளும் பிழையாத்தான் கெடந்துச்சு. எம் பக்கத்துல ஒரு பிழை உண்டா? ஒண்ணு காட்டுங்க, நான் பேசாம போயிருதேன்."

டீச்சர் அவருடைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பக்கத்தைத் திறந்தார். பி பாசிட்டிவ் பொத்தானை அமுக்கினார்.

'கொடையாளர் யாரும் இல்லை' என்று வந்தது.

"இதுல யார் பேரும் போடலையா?"

"போட்டிருக்கேனே. சோதனைக்கு எல்லாப் பிரிவுலயும் ஆளு போட்டேன், பி பாசிட்டிவ்ல எம் பேரத்தான். என் ரத்தம் அதுதான்."

"அமுக்கிப் பாத்தியளா?"

"ஓ நெகட்டிவ அமுக்கிப் பாத்தேன். எல்லாரும் அலையுதது அதுக்குத்தானேன்னு... அதுல பேரு வந்துச்சு."

டீச்சர் ஓ பாசிட்டிவை அமுக்கினார். யாரும் இல்லை. ஏ பாசிட்டிவ். யாரும் இல்லை. பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து, மெதுவாகக் கீழே இறங்கி, ஒரு வரியில் நின்றார். நயினார் ஜன்னலைப் பார்த்தார்.

டீச்சர் அந்த வரியைத் திருத்தினார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். பக்கத்தைத் திறந்தார்.

திரை மேலிருந்து கீழ்வரை எச்சரிக்கை வரிகளால் நிறைந்தது. நயினார் இத்தனையை எதிர்பார்க்கவில்லை. தன் வீட்டுக்குள் இவ்வளவும் இருந்ததா என்று வரி வரியாகப் பார்த்தார்.

டீச்சர் பி பாசிட்டிவை அமுக்கி, வந்த வரியில் விரலை வைத்தார். 'பி' என்ற எழுத்தும் அதற்குப் பின் ஒரு வெற்றிடமும் இருந்தன. அப்படி ஒரு பிரிவே இல்லை என்றது சர்வர்.

"லிங்க்குல பிளஸ் குறிய அப்படியே போட்டிருக்கிய. போற வழியில அது வெறும் இடைவெளியா ஆயிரும். பாசிட்டிவ்ல ஒரு பிரிவுகூட வராது."

"ஊர்ல முக்காவாசிப் பேரு பாசிட்டிவ்தான டீச்சர்."

"ஆமா."

"இத ஏத்தியிருந்தா..."

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, 'யாரும் இல்லை' என்பதை வாசிப்பது நயினாரின் கண்முன் தெரிந்தது.

"இந்தத் தப்பு ஜெபமலருக்கும் வந்துச்சா?"

"போன மாசமே வந்துச்சு. பி பாசிட்டிவ்காரங்களயெல்லாம் எங்க தொலச்சேன்னு கேட்டா பாருங்க, அன்னைக்குத்தான் அப்படிச் சிரிச்சோம்."

அந்தச் சிரிப்பு நயினாருக்கு நினைவிருந்தது. தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து அன்று அவர் பாதி வகுப்பில் எழுந்து போயிருந்தார்.

"அப்போ அவ எழுதுனதத்தான் ஏத்துவிய."

"அதத்தான் ஏத்துவேன் அண்ணாச்சி."

நயினார் லேப்டாப்பை மூடினார். ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்தார். வாசல்வரை போனார். போனவர் திரும்பினார். கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பக்கம் போனாப் போகுது டீச்சர். அவ கிட்ட அவ்வளவு நேரம் நின்னிய. எங்கிட்ட ஒருநாளும் நிக்கலயே."

டீச்சர் சிரிக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஒவ்வொரு வாரமும் உங்ககிட்டயும் வந்தேன் அண்ணாச்சி. நான் நின்னு பாக்குததுக்கு உங்க திரையில நீங்க ஒரு பிழையும் விட்டுவைக்கல."