அமைச்சர் ஏறிய பரிசல்

முன்னொரு காலத்தில், முத்திரை இல்லாமல் மூக்கைச் சிந்தவும் முடியாத ஒரு நாடு இருந்தது. கிணறோ பாலமோ, அரசரே ஆசைப்பட்டாலும் ஏழு அதிகாரிகளின் முத்திரை வேண்டும். ஏழும் சேர்வதற்குள் கேட்டவனுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

ஆற்றுக்கு அக்கரையில் குறுங்கானூர். அங்கே மருத்துவச்சி கிடையாது. அந்த வருட வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் இரண்டு கர்ப்பிணிகள் இறந்தார்கள். செய்தி கேட்ட அரசர், அவையின் விகடன் அங்கமுத்துவைப் பார்த்து, "நாளைக் காலையில் அங்கே பரிசல் ஓட வேண்டும். எப்படி என்று என்னைக் கேட்காதே" என்றார்.

"ஓட்டிவிடலாம், மகாராஜா. இது வெறும் சோதனை என்று சொல்லி, சட்டத்தைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள்."

தலைமை அமைச்சர் செம்பியராயருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சிரித்தபடி, "அருமையான யோசனை, மன்னா! ஆணையை அடியேனே எழுதுகிறேன்" என்றார். எழுதினார்: 'தலைமை அமைச்சர் நேரில் ஏறிப் பார்த்து அக்கரை சேரும் கணத்தில் சோதனை முடியும். பிறகு பழைய சட்டமே. முத்திரையில்லாப் பரிசலைத் தொடுபவனுக்குச் சிறை.'

பரிசல் ஓடியது. பத்து நாளில் நான்கு பிரசவம். தாயும் சேயும் சுகம். ஊர் முழுக்க அங்கமுத்து பேச்சுதான். பதினோராம் நாள் அமைச்சர் குடைக்காரனோடு கரைக்கு வந்துவிட்டார். அங்கமுத்து விவரமானவன். விடியும்போதே மருத்துவச்சியைக் குறுங்கானூரில் கொண்டுபோய் விட்டிருந்தான்.

"இதில் முன்பக்கம் எது?" என்று வட்டப் பரிசலில் கால் வைத்தபடி கேட்டார் அமைச்சர்.

"தாங்கள் அமரும் பக்கம்தான், ஐயா."

நடு ஆற்றில் பரிசல் சுழன்றது. முன்பக்கம் பின்பக்கமானது. குடை ஆற்றோடு போனது. கரையேறிய அமைச்சர் தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே, "சோதனை முடிந்தது! இனி ஒருவனும் இதைத் தொடக்கூடாது!" என்று முழங்கினார்.

"உத்தரவு." அங்கமுத்து துடுப்பை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தான்.

அமைச்சர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். "சரி, என்னைக் கொண்டுபோய் விடு."

"முத்திரை, ஐயா?"

"அடேய், அதெல்லாம் அரண்மனையில் அல்லவா இருக்கிறது!"

"போய் வாங்கி வரலாம். போவதற்குத்தான் முத்திரை வேண்டும்."

மாலைக்குள் சேதி பரவி, ஏழு அதிகாரிகளோடும் அரசரே எதிர்க்கரைக்கு வந்துவிட்டார். கொசுக்கடியில் நெளிந்துகொண்டிருந்த அமைச்சர் கத்தினார்: "மன்னா! ஏழு முத்திரையையும் குத்தச் சொல்லுங்கள்! பரிசல் என்றென்றும் ஓடட்டும்!"

அரை நாழிகையில் ஏழு முத்திரையும் விழுந்தன. ஓலையைக் கழியில் கட்டித் தூக்கிக் காட்டிய பிறகுதான் அங்கமுத்து துடுப்பைத் தொட்டான்.

பரிசல் கரை சேர்ந்ததும், கண்ணில் நீர் வரச் சிரித்த அரசர், தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"இதற்கு முத்திரை, மகாராஜா?"

"வேண்டாம். இதுவும் சோதனைதான். அமைச்சர் மறுபடி பரிசல் ஏறும்வரை உன்னிடமே இருக்கட்டும்."