குமிழிக்குக் கால் முளைத்த கதை

ஒரு காட்டில் யானையே முழுகிக் குளிக்கும் ஆழத்தில் ஒரு குளம் இருந்தது, பிள்ளைகளே. அதன் கரையில் கார்மேகம் என்ற தவளை வாழ்ந்தது. நல்ல தவளைதான். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது மட்டும் அதற்கு ஒரு வியாதி.

அதன் மனைவி பெயர் அல்லி. அல்லி நூற்றுக்கணக்கில் முட்டையிட்டது. மீன்களுக்குப் போக மிஞ்சியது ஒரே ஒரு மகள், குமிழி. அப்போது குமிழி வெறும் தலைப்பிரட்டை. பெரிய தலை, ஒரு வால், அவ்வளவுதான். சித்தப்பா பிள்ளைகளோடு சேர்ந்து குளத்தின் ஆழத்தில் பாசி தின்றுகொண்டு சுற்றியது.

மழைக்காலம் வந்தால் அந்தக் காட்டில் தாவல் போட்டி நடக்கும். ஒரே இடத்தில் நடக்காது. மலையடிக் குளம், மூங்கில் ஓடை, தாழம்பூச் சுனை என்று ஊர் ஊராகப் போகும். பிள்ளை பெற்றவர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள்.

ஒரு நாள் பக்கத்துப் பொந்தில் குடியிருந்த மரகதம் என்ற தேரை வந்தது. "எங்க பிள்ளைக்குப் பின்னங்கால் வந்தாச்சு. போட்டிக்குப் பேர் கொடுத்துட்டோம். உங்க பொண்ணு எப்படி?" என்று கேட்டது.

"அதுக்கும் வந்துக்கிட்டே இருக்கு," என்றது கார்மேகம்.

வரவில்லை. தேரைப் பிள்ளைக்குக் கால் சீக்கிரம் வரும், தவளைப் பிள்ளைக்கு மெதுவாக வரும். இது குளத்து நத்தைக்குக்கூடத் தெரியும். கார்மேகத்துக்கும் தெரியும். ஆனாலும் மரகதம் போன பிறகு அதற்குத் தொண்டையில் ஓர் ஈகூட இறங்கவில்லை.

"நம்ம பிள்ளைக்கு இன்னும் காலே வரலை," என்று அல்லியிடம் புலம்பியது.

"வரும்போது வரட்டுங்க. ஆழத் தண்ணியில பாசி தின்னு உடம்பு தேறணும். தேறினா கால் தானா நீளமா வரும்."

"அதுக்குள்ள மத்த பிள்ளைங்க எல்லாம் எங்கேயோ போயிடும்."

"எங்கே போயிடும்? அடுத்த குளத்துக்குத்தானே?" என்றது அல்லி.

கார்மேகத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வேறு பதில் தேடிப் போனது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று சொல்வார்கள். கார்மேகத்துக்கு வேட்டி கிடையாது. ஆகவே ஓணானைக் குளக்கரைக்கே அழைத்து வந்தது.

அந்த ஓணான்தான் அந்த வட்டாரத்தில் தாவல் மாஸ்டர். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும்.

"மாஸ்டர், என் மகள் இப்பவே தொடங்கலாமா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"இல்லை, காலே வராம தொடங்குறது ரொம்பச் சீக்கிரமோ?"

அதற்கும் ஆட்டியது. கார்மேகம் முதல் ஆட்டலை மட்டும் எடுத்துக்கொண்டது.

"கால் வர்றதுக்கு வழி இருக்கு," என்றது ஓணான். "ஆழத்துல கிடக்கிற பிள்ளைக்கு என்ன அவசரம்? வத்துற தண்ணியில விடுங்க. தண்ணி குறையக் குறைய, உயிர் பிழைக்கணுமேன்னு கால் முளைச்சுடும். கரையில யானை மிதிச்ச பள்ளம் ஒண்ணு இருக்கே, அது போதும். உங்களுக்குச் சிக்குற ஈயில பாதி எனக்கு."

அல்லி கூடவே கூடாது என்றது. கார்மேகம் பேசாமல், சாப்பிடாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அல்லி எத்தனை நாள் தாங்கும்? "நாளைக்கு, 'உன்னாலதான் பிள்ளை பின்தங்கிப் போச்சு'ன்னு என்னைச் சொல்லக் கூடாது. என்னமோ செய்யுங்க," என்று தண்ணீருக்குள் போய்விட்டது.

குமிழியைத் தாமரை இலையில் அள்ளிப் பள்ளத்தில் விட்டது கார்மேகம். அங்கே பாசியும் கொஞ்சம், தண்ணீரும் கொஞ்சம், பேச ஆளில்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுருங்கியது. ஓணான் சொன்னது பொய்யில்லை. குமிழிக்குக் கால் முளைத்தது, வால் கரைந்தது. சித்தப்பா பிள்ளைகள் ஆழத்தில் வாலோடு திரிந்த நாளிலேயே குமிழி கரையேறி நின்றது. புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. ஆனாலும் முழுத் தவளை.

முதல் போட்டி மலையடிக் குளத்தில் நடந்தது. குமிழியோடு நின்றவை, இன்னும் வால் போகாத இரண்டு பிள்ளைகளும் மரகதத்தின் பிள்ளையும். தேரை தத்தும், தாவாது. குமிழி ஒரு சாண் தாவியது. அதுவே முதலிடம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கார்மேகம் கெடுவதற்கு முன்னால் காட்டைச் செவிடாக்கியது. "அடுத்தது மூங்கில் ஓடை, அப்புறம் தாழம்பூச் சுனை. பிள்ளைக்கு ஓய்வே கிடையாது," என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடித்தது.

ஓய்வு கிடையாதுதான். வெயிலிலும் முள்ளிலும் குமிழி அப்பாவுக்குப் பின்னால் குதித்துக் குதித்துப் போனது. தோல் காய்ந்து இழுத்தது.

"கால் வலிக்குதுப்பா."

"ஜெயிக்கிறவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும்மா," என்றது கார்மேகம். மேலே கிளையில் ஓணான் தலையை ஆட்டியது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், பெரிய போட்டி சொந்தக் குளத்துக்கே வந்தது. அதற்குள் சித்தப்பா பிள்ளைகள் தங்கள் நேரத்தில் ஆழத்திலிருந்து வெளியே வந்திருந்தன. நல்ல வாட்டசாட்டம். காலை நீட்டினால் உடம்பைவிடக் கால் நீளம். யாரும் அவற்றுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. போட்டி என்றால் என்ன என்பதையே அன்று காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டன.

ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குத் தாவ வேண்டும். சித்தப்பா பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தாவின. ஒன்று பாறையையும் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

குமிழியின் முறை வந்தது. மூச்சை இழுத்து, காலை மடக்கி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடத் தவறாமல் தாவியது. பாதி வழியில் தண்ணீரில் விழுந்தது. ஏறி வந்து மறுபடி தாவியது. அதே இடத்தில் விழுந்தது.

கார்மேகம் ஓணானைத் தேடிக்கொண்டு ஓடியது. ஓணான் கார்மேகத்தின் தம்பியோடு உட்கார்ந்து, அடுத்த மழைக்குப் பிள்ளைகளுக்கு முட்டையிலேயே பயிற்சியைத் தொடங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், என் பிள்ளைக்கு மட்டும் ஏன் கால் நீளலை?"

"கால் சீக்கிரம் வரணும்னு கேட்டீங்க, வந்துச்சு. நீளமா வரணும்னு நீங்க கேக்கவே இல்லையே."

"இனிமேலாவது நீளுமா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் ஓணான் தலையை ஆட்டவில்லை.

குமிழி கரையேறி வந்தது. அது அழவில்லை. அழுதிருந்தால் கார்மேகத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்பா, நான் மறுபடி வால் வெச்சுக்கிட்டு, அவங்களை மாதிரி ஆழத்துல கொஞ்ச நாள் விளையாடிட்டு வரட்டுமா? அப்புறம் நல்லாத் தாவுறேன்."

கார்மேகம் அல்லியைத் திரும்பிப் பார்த்தது. அல்லி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது முடியாதும்மா."

"ஏன்ப்பா?"

"வால் ஒரு தடவைதாம்மா வரும்," என்றது கார்மேகம்.

நீதி: பிள்ளையை எப்போது பந்தயத்துக்கு அனுப்புவது என்பதை அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலைப் பார்த்து அல்ல.