டாக்டரம்மாவின் காரை மேனுவல் ஆக்கிய கதை

கொம்பையாவுக்கு மூளை இல்லை என்று பாளையங்கோட்டையில் யாரும் சொன்னதில்லை. சுடலைக்கண்ணு, ஞானதாஸ் என்று இரண்டு பேரோடு அவன் எப்போதும் சேர்ந்தே திரிந்ததால், மூவரில் யாருக்கு இல்லை என்று ஊருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூவரும் மொபெட்டும் தண்ணீர் மோட்டாரும் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அந்த ஷெட்டுக்குள் சிவப்பாக, நீள மூக்கோடு ஒரு பழைய அமெரிக்கக் கார் உறுமிக்கொண்டு நுழைந்தது. ஓட்டி வந்தவர் பல் டாக்டர் வேதநாயகி. நல்ல ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாரும் ஒரு மாசம் ஆகும் என்று கைவிரித்துவிட்டதால் இங்கே வந்திருந்தார்.

"கொம்பையா, ஸ்டீரிங் மோரு கலக்குத மாதிரி லேசா இருக்கு. எனக்குப் பவர் ஸ்டீரிங் வேண்டாம். பவரை எடுத்துட்டு மேனுவல் ஆக்கிரு. கையால திருப்பணும், புரியுதா?"

காரணம் அவருடைய கொழுந்தனார் ராஜரத்தினம். சொந்தக்காரர் கல்யாணத்தில், பந்தியில் வைத்து, "பவர் ஸ்டீரிங் இருக்கக்கொண்டு மதினி அந்தக் காரை ஓட்டுதாங்க. இல்லாட்டி ஒரு முக்கு திருப்ப முடியாது" என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா பாயசத்தைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை காலையில மேனுவல்ல தெருவைச் சுத்தி நாலு முக்கும் திருப்பிக் காட்டுதேன். முடியலைன்னா கார் உங்களுக்கு" என்று சவால் விட்டுவிட்டார்.

கொம்பையாவுக்கு நெஞ்சு விம்மியது. அவன் ஷெட்டுக்குள் வந்த முதல் கார் அது. இதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால், வீட்டில் மாமனார் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதையாவது நிறுத்துவார்.

டாக்டரம்மா போனதும் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"பவரை எடுக்கச் சொல்லுதாங்க. காருல பவர் எங்க இருக்கு?" என்றான் சுடலைக்கண்ணு.

"அம்மா கண்ணாடியிலகூட பவர் இருக்கு. ஒருவேளை அதையும் எடுக்கணுமோ?" என்றான் ஞானதாஸ்.

கொம்பையா வெகுநேரம் யோசித்தான். "கண்ணாடி காரோட சேராது. அவங்க போட்டுட்டுப் போயிட்டாங்கல்லா" என்று தீர்ப்புச் சொன்னான். மற்ற இரண்டு பேரும் அந்த அறிவை வியந்து தலையாட்டினார்கள்.

மேற்கொண்டு தெரிந்துகொள்ள, புதுச் சாமான் அனுப்பும் சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் அவசரத்தில் இருந்தார். "இதோ பாருப்பா, மொதல்ல பெல்டைக் கழட்டு. அப்பால பம்பைக் கழட்டு. கொழா வாயை நல்லா அடைச்சிரு. ஸ்டீரிங் ராடு எங்க போய் முடியுதோ அங்க ஒரு பெட்டி இருக்கும். அத்த எடுத்துட்டு, நான் அனுப்பற பெட்டியை அதே எடத்துல வை. அவ்ளோதான். ரொம்ப யோசிக்காதே."

கடைசியாகச் சொன்னதை மூவரும் ஏற்கனவே கடைப்பிடித்துத்தான் வந்தார்கள்.

முதலில் பெல்டைக் கழற்றினார்கள். மூவருக்கும் பேண்ட் தொளதொள என்றுதான் இருந்தது. ஞானதாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கார் வேலைக்குப் பெல்ட் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றான்.

"அதுக்குத்தாம்லே பெரிய ஆள்கிட்ட கேக்கணுங்கது" என்றான் கொம்பையா.

அடுத்தது பம்பு. ஷெட்டுக்குப் பின்னால் கிணற்றில் இருந்த பம்பை, மூன்று பேரும் ஒரு கையால் பேண்டையும் மறு கையால் ஸ்பேனரையும் பிடித்துக்கொண்டு கழற்றி மேலே ஏற்றினார்கள். உயிர் போய் உயிர் வந்தது.

சற்று நேரத்தில் மாடியில் குடியிருந்த சிதம்பரநாதன், தலை முழுக்கச் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏய், தண்ணி நின்னு போச்சுடே!"

"கார் வேலை நடக்கு அண்ணாச்சி."

"காருக்கும் என் குளியலுக்கும் என்னடே சம்பந்தம்?"

"அதெல்லாம் உள் வேலை, உங்களுக்குப் புரியாது" என்று கொம்பையா மரியாதையாகச் சொன்னான்.

சிதம்பரநாதன் கண்ணெரிச்சலோடு தடவித் தடவித் தெருக்குழாய்க்கு ஓடினார். அங்கே சுடலைக்கண்ணு அப்போதுதான் குழாய் வாயில் துணியைத் திணித்து, மேலே சிமெண்டு பூசி, விரலால் வழவழப்பாக்கிக்கொண்டிருந்தான்.

"தொடாதீங்க அண்ணாச்சி, காயட்டும்" என்றான்.

பெட்டியைக் கழற்றுவதில் மட்டும் பிசகு நடக்கவில்லை. ஸ்டீரிங் ராடைப் பிடித்துக்கொண்டே போய், அது முடிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த இரும்புப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை புதுப் பெட்டி பார்சலில் வந்தது. அட்டைப்பெட்டி, மேலே கயிறு.

"பிரிக்கணுமோ?" என்றான் ஞானதாஸ்.

"பெட்டியை வைன்னுதான் சொன்னாரு. பிரின்னு சொன்னாரா?"

அட்டையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டிருந்தது. அம்பு துளியும் சாயாமல், பழைய பெட்டி இருந்த அதே இடத்தில் அதை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கொம்பையா பானட்டை மூடும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு காலை டாக்டரம்மா வந்தார். கார் நேராக ஷெட்டை விட்டு வெளியே வந்தது. தெருவில் இறங்கித் திருப்பினார். ஸ்டீரிங் ராட்டினம் மாதிரி சுற்றியது. கார் எதிர்ச்சுவரைப் பார்த்தே போனது. பிரேக்கை அமுக்கி நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்தார். அட்டைப்பெட்டியைப் பார்த்தார். கொம்பையாவைப் பார்த்தார்.

"அம்பு மேல பாத்துதாம்மா இருக்கு" என்றான் கொம்பையா.

அதற்குள் சவாலைப் பார்க்க வந்த ராஜரத்தினம், தெருமுனையில் சொந்தக்காரர்கள் சூழ நின்று கையசைத்தார். "என்ன மதினி, முதல் முக்கே வரலியே? சாவியைக் கொண்டாங்க!"

டாக்டரம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "இப்ப இதை எப்படித் திருப்ப? நீங்களே கையால திருப்புங்கலே!" என்று கத்திவிட்டுக் காரில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினார்.

அவர்கள் திருப்பினார்கள். சுடலைக்கண்ணு இந்தப் பக்கத்துச் சக்கரத்திலும் ஞானதாஸ் அந்தப் பக்கத்துச் சக்கரத்திலும் குனிந்து நின்று, ஒரு கையால் டயரையும் மறு கையால் பேண்டையும் பிடித்துக்கொண்டார்கள். கொம்பையா முன்னால் பின்னோக்கி நடந்தபடி, "இடது தள்ளு! போதும்! நேரே விடு!" என்று கூவினான். டாக்டரம்மா பிரேக்கை மெல்ல விட்டுக் காரை ஊர விட்டபடி, முதலில் தலையில் கைவைத்தார். முதல் முக்கு திரும்பியதும் கையை எடுத்தார். இரண்டாவது முக்கில் ஹாரன் அடித்தார். எண்ணெய் ஒழுக ஒழுக, கார் ஆமை வேகத்தில் நாலு முக்கும் திரும்பி ஷெட்டுக்கே வந்து சேர்ந்தது.

"இது கள்ளாட்டம் மதினி!" என்றார் ராஜரத்தினம்.

"மேனுவல்னா கைதானே? யாரு கைன்னு நீங்க கேக்கலியே."

சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ராஜரத்தினம் சாவியை மறந்து நடையைக் கட்டினார்.

டாக்டரம்மாவுக்கு இருந்த சந்தோஷத்தில் திட்டக்கூட மனம் வரவில்லை. "ஒரு மாசம் ஆனாலும் வேற மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பெட்டியை மாட்டிக்கிடுதேன். நீங்க ஒண்ணையும் தொடவேண்டாம். பிரேக்கை மட்டும் கொஞ்சம் பாருங்க, சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது, மூன்று பேரும் கார்க் கதவைத் திறந்து வைத்து, தரையில் வரிசையாகக் குப்புறப் படுத்து, பிரேக் மிதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் ஆளுக்கு ஒரு கண்ணைக் கையால் பொத்தியிருந்தார்கள்.

"என்னலே பண்ணுதிய?"

கொம்பையா தலையைத் திருப்பவில்லை.

"கொஞ்சந்தானே பாக்கச் சொன்னீங்க. ரெண்டு கண்ணாலயும் பாத்தா கூடிப்போயிரும்லாம்மா."