நடைபாதை ஓரத்து ஆணி

டிராம் தண்டவாளம் தெருவுக்குள்ளேயே புதைகிறது. ஜல்லி கிடையாது, கான்கிரீட் ஊற்றி மூடிவிடுவார்கள். அப்புறம் அது வெறும் தெருதான், மாடுகூட மேலே படுத்துக்கொள்ளும்.

கடைவீதி முக்கில் அந்தப் பாதை இரண்டாகப் பிரிந்தது. பிரிகிற இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். அதை அளந்து குறித்துக் கொடுப்பவர் ஜெசிந்தா, முப்பத்தொரு வயது. வேலையாட்களுக்கு அவர் டீச்சர். அவரிடம் கற்க வந்த சங்கரலிங்கத்துக்கு அறுபத்தொன்று. ரயில்வேயில் ஜல்லிப் பாதை போட்டே ஓய்வு பெற்றவர். "ஜல்லி ஆளுக்கு இங்க என்ன வேலை" என்று யாரோ சொன்னது காதில் விழுந்து, அன்றிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது.

வந்த முதல் நாளே கேட்டார்.

"பாயிண்ட் இங்க இருக்கு. நீங்க ஆணியை ரெண்டு பக்கமும் நடைபாதை ஓரத்துல அடிச்சிருக்கீங்க. அவ்வளவு தள்ளி எதுக்கு, மேடம்?"

"இருக்கட்டும், அண்ணாச்சி."

அவ்வளவுதான் பதில். சொல்லித் தருகிறவர்களே இப்படித்தான்.

கான்கிரீட் ஊற்றும் நாள் வந்தது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் சங்கரலிங்கம். அங்கே அவருக்கு அது முதல் கையெழுத்து. தண்டவாளங்கள் திருகு வைத்த தாங்கிகளில் நின்றன. அவற்றின்மேல் முந்தின நாள் தானே போட்ட சாக்பீஸ் கோடுகளிலிருந்து அளந்தார். அகலம் சரி. வண்டியைப் பிரித்துவிடும் நாக்குத் தண்டவாளமும் சரி. இம்மி பிசகவில்லை. கையெழுத்துப் போட்டதும் மனசு நிறைந்துபோயிற்று.

லாரி வந்து நின்றது.

ஜெசிந்தா இந்த ஆணியிலிருந்து அந்த ஆணிக்கு நூலை இழுத்துக் கட்டினார். நூலோரம் டேப்பைப் பிடித்து, ஆணி அடித்த அன்றே நோட்டில் குறித்துவைத்த அளவில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நாக்கின் நுனிமேல் நிற்க வேண்டிய குண்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"நான் ரெண்டு தடவை அளந்தேன், மேடம்."

கம்பி கட்டுகிறவர் ஒருவர் மெல்லச் சொன்னார். "காலையில கிரேன் லேசா இடிச்சுது, டீச்சர்."

"கோடு எங்க போட்டிருந்தீங்க, அண்ணாச்சி?"

"தண்டவாளத்துலதான்."

"தண்டவாளம் நகர்ந்தா கோடு என்ன செய்யும்?"

சங்கரலிங்கத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

"கூடவே போகும்," என்றார். பிறகு, "ஜல்லின்னா வண்டி ஓடினப்புறம் கடப்பாரை போட்டு நெம்பிக்கிடுவோம்."

"கான்கிரீட்டை நெம்புவீங்களா?"

அவரே போய்த் தன் கையெழுத்தை அடித்தார். லாரிக்காரரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நாக்கின் நுனி குண்டுக்கு நேர்கீழே வரும்வரை தாங்கிகளைத் திருகினார். அரை மணி நேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"ஜல்லி ஆளுக்கு இங்க வேலையில்லைன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான் கிளம்பறேன், மேடம்."

ஜெசிந்தா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நாலு எட்டு போனவர் நின்றார். கேட்காமல் போக அவரால் முடியவில்லை.

"என் கோடு நகர்ந்ததை ஆணி காட்டிக் கொடுத்திருச்சு. நீங்க நினைக்கிறதே ஒருநாள் பிசகிட்டா? இங்க இருக்கிறவங்க எல்லாரும் உங்ககிட்ட படிச்சவங்க. உங்களுக்கு யாரு சொல்லுவா?"

"அதுக்குத்தான் ஜல்லிப் பாதையிலேர்ந்து ஒருத்தர் வேணும்னு கேட்டு வாங்கினேன், அண்ணாச்சி."