எந்தக் கருவி, மாஸ்டர்?

கடல் உப்பாவதற்கு முன்பே எங்கள் கரையில் ஆள் குடியிருந்தது என்போம். இது அவ்வளவு பழைய கதை இல்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகு நடந்தது.

ஸ்கூபா கற்றுக்கொடுத்த எமரன்சியை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதுப் பெண். தண்ணீருக்கடியில் அவள் அசையாமல் நின்றால் நண்டுகள் வந்து காதில் குடித்தனம் வைக்கும் என்பார்கள். அது மிகை. ஒரே ஒரு நண்டுதான் வந்தது. வாடகை கேட்டதும் அதுவும் போய்விட்டது.

அவளுடைய சீடன் கஸ்பார் பேரன் எடுத்தவன். அவன் தம்பி தொம்மையின் படகு காற்றில் கவிழ்ந்து அடியில் போய்விட்டது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். தொம்மை வரவில்லை. உடல் கிடைக்காததால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க முடியவில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டு அழவும் முடியவில்லை. தம்பியைத் தேடத்தான் கஸ்பார் அந்த வயதில் நீருக்கடியில் மூச்சுவிடக் கற்றான்.

படகு கிடந்த ஆழம் பொல்லாத ஆழம். அங்கே அதிகம் தங்கினால் சுவாசிக்கிற காற்று ரத்தத்தில் ஊறிவிடும். மேலே ஏறும்போது ஆளை மூட்டு மூட்டாக முறுக்கும். இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று சொல்லத்தான் டைவ் கம்ப்யூட்டர். நேரம் நெருங்கினால் கத்தும்.

கஸ்பார் ஒவ்வொரு தடவையும் நேரம் தாண்டித்தான் ஏறினான். கடைசியாக ஏறியபோது இடது கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

கால் சரியாகி, டாக்டர் சம்மதித்த பிறகு அவன் மாஸ்டரிடம் வந்தான்.

“இந்தக் கடிகார மாதிரி கருவி எனக்குச் சரிப்படல, மாஸ்டர். எழுத்து பொடிசா இருக்கு. கலங்கல்ல தெரிய மாட்டேங்கு.”

“கத்துமே, அண்ணாச்சி.”

“காதுல விழல.”

மாஸ்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் திரை வைத்து, மணிக்கட்டில் கட்டுவது ஒன்று. காற்றுக் குழாயின் நுனியில் தொங்குவது ஒன்று.

“எது வேணும்?”

கஸ்பார் யோசிக்கவே இல்லை. குழாயில் தொங்குவதை எடுத்தான்.

“நல்லாத்தான் எடுத்தீய,” என்றாள் மாஸ்டர். “முதுகுக்குப் பின்னால தள்ளிவிட்டுட்டு வேலையப் பார்க்கலாம்.”

கஸ்பார் அதைத் திருப்பி வைத்தான்.

“அப்ப நீங்களே சொல்லுங்க. எது நல்லது?”

“நாளைக்கு முங்கும்போது சொல்லுதேன்.”

மறுநாள் வானம் ஈயம் பூசிக் கிடந்தது. வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, மாஸ்டர் தன் கையில் இருந்த கடிகாரக் கருவியைக் கழற்றி அவன் மணிக்கட்டில் கட்டினாள். அவன் வேண்டாம் என்று ஒதுக்கின அதே மாதிரி.

“உங்களுக்கு?”

“எனக்கு இல்ல.”

“ஒரு உடம்புக்கு ஒரு கருவி, அது இல்லாம தண்ணியில காலை வைக்கப்படாதுன்னு முதல் நாளே சொன்னீயளே.”

“சொன்னேன்.”

“பிறகு?”

“நீங்க ஏறும்போது நானும் ஏறுவேன். அதுக்கு முன்னால ஏற மாட்டேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் மல்லாக்கத் தண்ணீரில் விழுந்து போய்விட்டாள்.

கீழே வெளிச்சம் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. படகு ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. கஸ்பார் இதுவரை திறக்க முடியாத அறைக் கதவை அன்றைக்கு நீரோட்டம் கொஞ்சம் நகர்த்தி வைத்திருந்தது. இடுக்கில் டார்ச் அடித்தான். உள்ளே நீலமாக ஏதோ அசைந்தது. சட்டையாக இருக்கலாம். தார்ப்பாயாகவும் இருக்கலாம். தொம்மை அன்றைக்கு நீலச் சட்டைதான் போட்டிருந்தான்.

கையை உள்ளே விட்டான். விரல் நுனிக்கும் துணிக்கும் ஒரு சாண் இருந்தது. தோள்பட்டையால் கதவை முட்டினான். கதவு முனகியது.

மணிக்கட்டில் கருவி கத்தியது.

கஸ்பார் திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் சற்றுத் தள்ளி மிதந்துகொண்டிருந்தாள். அவன் கையையும் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. படகின் அடியில் ஒரு களவா மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வெறும் மணிக்கட்டில் பட்டை கட்டின தடம் வெளுப்பாகத் தெரிந்தது.

கஸ்பார் கையை வெளியே எடுத்தான். ஏறலாம் என்று கட்டைவிரலை மேலே காட்டினான். அவள் தலையசைத்தாள். இரண்டு பேரும் மெதுவாக ஏறினார்கள். மேலே வருமுன் நங்கூரக் கயிற்றைப் பிடித்து நின்று, ரத்தத்தில் ஊறின காற்று மெல்ல வெளியேற விட்டார்கள். கீழே படகு முதலில் நிழலாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது.

இருவரும் வள்ளத்தில் ஏறினார்கள். முகமூடியைக் கழற்றிய பிறகும் கஸ்பாரின் முகத்தில் தண்ணீர் நிற்கவில்லை.

“நீலமா இருந்துச்சு,” என்றான்.

“பார்த்தேன்.”

“நாளைக்கு இருக்குமா?”

“தெரியாது, அண்ணாச்சி. நீரோட்டம் மாறுது.”

அவன் மணிக்கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

“என்னோடதும் இதே மாதிரிதானே, மாஸ்டர். அது எத்தனை தடவை கத்தியிருக்கும். ஒன்னும் காதுல விழல. இது ஒரே தடவைதான் கத்துச்சு. எப்படிக் கேட்டுச்சு?”

மாஸ்டர் நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னாள்:

“அது உங்க நேரத்தை மட்டுந்தானே சொல்லிச்சு.”