கோமதி வீட்டு மாடியில் மைமூன் வீட்டு டிஷ்

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் கேட்பவர்கள்தான். ஆகையால் இதில் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும்.

செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தார் குற்றாலலிங்கம். மனைவி கோமதி. ஒரே மகள் உலகம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்தே கபடி ஆடினாள். அதில் அப்பாவுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவள் வாங்கிவந்த கோப்பைகளைக் கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அடுக்கியிருந்தார். ஆனால் அவளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த அன்று காலையில், மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லாமல் கொள்ளாமல் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் இல்லை என்று அவர்களிடம் குற்றாலலிங்கம்தான் சொல்ல வேண்டியிருந்தது. வந்தவர்கள் சத்தம் போடவில்லை. கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அன்று சாயங்காலம் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, இனி அவ ஆட்டம் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. வராதுன்னு எனக்கு வாக்குக் குடு."

"வராது," என்றாள் கோமதி.

அதற்குப் பிறகு கேபிள் வயரை அவரே கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டார். டிவியின் மேல் ஒரு துண்டு கிடந்தது. கோமதி அதை எடுக்கவில்லை. வீடு திரும்பாத மகளோடு பேச வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மைமூனின் போனுக்குத்தான் அழைப்பு வரும். கைப்பேசியில் படம் பார்க்கும் காலம் அப்போது இன்னும் வரவில்லை.

ஒரு வைகாசியில் அந்தப் போனில் செய்தி வந்தது. உலகம்மாள் தேசியப் போட்டியில் ஆடப் போகிறாள். இறுதி ஆட்டம் வரை போனால் விளையாட்டுச் சேனலில் காட்டுவார்கள். கோமதி கேட்டுக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே மைமூன் தன் வீட்டுக்கு டிஷ் வைக்க ஆள் வரச்சொல்லியிருந்தாள். எங்கே வைப்பது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. முற்றத்தில் நின்றால் பலாமரம் வானத்தை மூடியிருந்தது. கூரையோ ஓட்டுக்கூரை, ஆனி ஆடியில் அந்த ஊரில் அடிக்கும் காற்றுக்கு ஓட்டின்மேல் எதுவும் நிற்காது. மரத்தின் பெரிய கிளையை வெட்டலாம் என்றார் வந்தவர். அது காய்க்கிற கிளை என்று மைமூனின் மாமியார் மறுத்துவிட்டார். மறைப்பில்லாமல் வானம் தெரிந்த இடம் கோமதி வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஒன்றுதான்.

மைமூன் வந்து கேட்டாள். அவர் கடையிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று கோமதி சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு மாடிச்சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

குற்றாலலிங்கம் வந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"யாருது?"

"மைமூன் வீட்டுது. அங்க மரம் மறைக்குதாம்."

அவர் மாடிக்குப் போனார். கழற்றித்தான் எறியப்போகிறார் என்று நினைத்துக் கோமதி படிக்கட்டிலேயே நின்றாள். அவர் சுவரில் பூச்சு விட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கடை விடுமுறை, அவர் உள்ளறையில் படுத்திருந்தார். மைமூன் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கோமதி சொன்னதற்கு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடியே சரி என்றார்.

காலையிலிருந்தே சாரலும் காற்றும். மகளைத் திரையில் கண்டபோது கோமதிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தோள் அகன்று, முடியைக் கத்தரித்து, வேறு யாரோ போலிருந்தாள். எதிரணிக் களத்துக்குள் கால் வைத்த விதத்தில்தான் தெரிந்தது. பாதி ஆட்டம் தாண்டியதும் காற்று வேகம் பிடித்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துபோயிற்று. "படம் போச்சே!" என்று மைமூன் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது. மாடிக்குப் போகலாம் என்று கோமதி எழுந்தாள். அதற்குள் படம் ஒரு கணம் வந்து, போய், மறுபடி வந்தது. "வந்துட்டு, வந்துட்டு," என்று மைமூன் கத்தவும் அப்படியே நின்றது.

கோமதி முற்றத்துக்கு வந்து பார்த்தாள். மாடியில், திருகு கழன்று ஆடிய டிஷ்ஷை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி குற்றாலலிங்கம் நின்றிருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. முதுகு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவள் கூப்பிடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள்.

உலகம்மாளின் அணி தோற்றது. கடைசியாகக் கபடி பாடிப் போனவள் அவள்தான். கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் அமுக்கிவிட்டார்கள். டிவியை நிறுத்திய பிறகும் மாடியில் அவர் பிடித்த பிடியை விடவில்லை. மைமூன்தான் வெளியே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"போதும் அண்ணாச்சி. முடிஞ்சிட்டு."

அவர் கையை எடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது சொல்லுங்கள். கோமதி கொடுத்த வாக்கு நின்றதா, முறிந்ததா? முறிந்தது என்றால், முறித்தது சாவியைக் கொடுத்த அவளா, டிஷ்ஷைப் பிடித்த அவரா?

விடை: வாக்கு முறிந்தது, முறித்தவள் கோமதி. ஆட்டம் அவர்கள் வீட்டுக்குள் வரவில்லை என்பது வாய்ச்சொல்லுக்குத்தான் சரி. மகள் ஆடப்போவது தெரிந்தே, கணவரைக் கேட்காமல் சாவியை எடுத்தாளே, அப்போதே முறிந்துவிட்டது. குற்றாலலிங்கம் எதையும் முறிக்கவில்லை. அவர் வாக்கை வாங்கினாரே ஒழிய, தான் பார்க்கமாட்டேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் மனைவியருகே உட்கார்ந்து மகளைப் பார்க்க அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆனால் அவரும் உள்ளே போயிருந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் படம் தெரிந்திருக்காது.